பழைய ரேடியேட்டருக்குப் புதுப் பெயிண்ட்

நேயர்களுக்கு வணக்கம். ரேடியேட்டர் என்றதும் பலருக்கு வண்டியின் முன்பக்கம் நினைவுக்கு வரும். இன்றைய பேச்சு, குளிர்ப் பிரதேச வீடுகளில் ஜன்னலுக்குக் கீழே நிற்கும் வார்ப்பிரும்பு ரேடியேட்டரைப் பற்றியது. உள்ளே வெந்நீரோ நீராவியோ ஓடி அறையைச் சூடாக்கும் சாதனம் அது.

பழைய வீடென்றால் அதன்மேல் பல அடுக்குப் பெயிண்ட் ஏறியிருக்கும். அடியில் இருப்பதில் ஈயம் கலந்திருக்கலாம். அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைத் தடை செய்ததே 1978-இல்தான். ஆகவே முதல் வேலை பரிசோதனை. ஓரிடத்தை நனைத்து, இரும்பு தெரியும்வரை சிறு சில்லு பெயர்த்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். மேலடுக்கை மட்டும் சோதித்துப் பயனில்லை.

ஈயம் இருந்தாலும், பெயிண்ட் கெட்டியாகப் பிடித்திருந்தால் உரிக்காதீர்கள் என்பேன். உரிக்கும்போதுதான் அது தூசியாகி மூச்சிலும் குழந்தைகளின் கைகளிலும் சேர்கிறது. சோப்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளான 220 எண் நீர்த்தாளை நனைத்து, பளபளப்பு மங்கும் அளவுக்கு மட்டும் தேய்த்தால் போதும். பொருக்கு விட்ட இடத்தை நீர் தெளித்துச் சுரண்டலாம். அதற்கு முன் ரேடியேட்டரை அணைத்து முழுக்க ஆறவிடுங்கள். தரையில் கனமான பிளாஸ்டிக் விரிப்பை ஒட்டுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அங்கே இருக்கக் கூடாது. துணி முகக்கவசம் ஈயத் தூசியைத் தடுக்காது; பி-100 வடிகட்டியுள்ள சுவாசக் கவசம் வேண்டும். முடிந்ததும் துடைப்பத்தைத் தொடாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். சாதாரண வேக்குவம் கிளீனர் நுண்தூசியைப் பின்பக்கமாக அறைக்குள்ளேயே ஊதிவிடும். ஹெப்பா வடிகட்டி உள்ளதே சரி. போட்டிருந்த உடைகளைத் தனியாகத் துவையுங்கள்.

உலர்ந்த உப்புத்தாள், அரவை எந்திரம், தீச்சுடர், இம்மூன்றும் கூடாது. அதிக வெப்பத்தில் ஈயம் புகையாகவே கிளம்பும். மெத்திலீன் குளோரைடு கலந்த பெயிண்ட் நீக்கி, மூடிய அறையில் உயிரையே பறித்திருக்கிறது. அருகிலுள்ள குழாயில் வெள்ளையாக, சுண்ணம் பூசினாற்போல உறை இருந்தால் அது கல்நாராக, அதாவது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், கை வைக்காதீர்கள்.

முழுக்க உரித்தே ஆகவேண்டிய நிலை என்றால், கழற்றி, மணலை வேகமாக வீசிப் பெயிண்டை உரிக்கும் மணல்வீச்சுப் பட்டறைக்கு அனுப்புவதே மேல். இடுக்குகளுக்குள் எந்தச் சுரண்டியும் போகாது. ஈயம் இருப்பதைப் பட்டறையில் முன்கூட்டியே சொல்லுங்கள். துளைகளை அடைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மணல் உள்ளே தங்கிவிடும். கழற்றும்போது வழியும் கறுப்புத் தண்ணீர் தரையைக் கறையாக்கும். பெரியது நூறு கிலோவைத் தாண்டும், தனியாளாகத் தூக்காதீர்கள். வெற்றிரும்பு சில மணி நேரத்திலேயே துருப்பிடிக்கத் தொடங்கும் என்பதால் பிரைமரை அன்றே அடித்துவிட வேண்டும்.

இனி நிறம். கறுப்படித்தால்தான் சூடு நன்றாக வரும் என்பார்கள். உண்மையில் கறுப்பு, வெள்ளை, பச்சை எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவு வெப்பத்தையே வீசும். அலுமினியம், வெண்கலப் பொடி கலந்த வெள்ளி, தங்க நிறங்கள்தான் வெப்பக் கதிர்வீச்சைக் குறைக்கும். அதிலும் கடைசிப் பூச்சு மட்டுமே கணக்கு. பழைய வெள்ளிப் பூச்சின்மேல் சாதாரண எனாமல் அடித்தால் குறை தீர்ந்துவிடும்.

நீளக் கைப்பிடி வளைந்த தூரிகையால் முதலில் உள்இடுக்குகள், பிறகு முகப்பு. இரண்டு மெல்லிய பூச்சு போதும். தடித்துப் பூசினால் மேலே தோல் கட்டி உள்ளே ஈரமாகவே இருக்கும், சூடு ஏறியதும் கொப்பளிக்கும். காற்று வெளியேற்றும் திருகிலும் வால்வுத் தண்டிலும் பெயிண்ட் படக் கூடாது, பட்டால் ஒட்டிக்கொண்டு திருக வராது. நன்றாகக் காய்ந்தபின் ஜன்னலைத் திறந்துவைத்துச் சூடேற்றுங்கள். வெந்நீர் முறையானால் குறைந்த சூட்டில் தொடங்கலாம். முதல் ஓரிரு நாள் பெயிண்ட் வாடை அடிக்கும்.