பேரலைத் தின்பது எது?

நேயர்களுக்கு வணக்கம்.

ரைஃபிள் சுடும் விளையாட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி, “எந்த எஃகில் செய்த பேரல் நீண்ட நாள் உழைக்கும்?” என்பது. பேரல் என்பது குண்டு பாய்ந்து வெளியேறும் குழல். எஃகைப் பற்றிப் பிறகு பேசுவோம். பேரலைத் தின்பது வெடிமருந்தின் சூடு. அதை உலகம் கற்றுக்கொண்ட கதையே போதிய பாடம்.

1888-இல் பிரிட்டிஷ் ராணுவம் லீ-மெட்ஃபோர்ட் ரைஃபிளை ஏற்றுக்கொண்டது. குண்டைச் சுழற்றி அனுப்புவதற்காகப் பேரலின் உட்புறத்தில் திருகு போல ஓடும் வரிப்பள்ளங்களைப் பொறியாளர் மெட்ஃபோர்ட் ஆழமில்லாமல், விளிம்புகளை மழுக்கி அமைத்திருந்தார். அன்று கரிமருந்துக் காலம். அதன் கசடு மூலைகளில் தங்கக் கூடாது என்பதே அவருடைய நோக்கம். குறியும் அருமையாக விழுந்தது. 1891-இல் கார்டைட் என்னும் புதிய வெடிமருந்து வந்தது. புகை குறைந்தது, குண்டின் வேகம் கூடியது, ஆனால் அதன் சுவாலை மிகக் கடுமையானது. ஆழமற்ற அந்த வரிகள் விரைவிலேயே அரிக்கப்பட்டுவிட்டன. 1895-இல் என்ஃபீல்டு தொழிற்சாலை, சதுர விளிம்பும் கூடுதல் ஆழமும் கொண்ட ஐந்து வரிகளை வெட்டியது. துப்பாக்கியின் மற்ற பாகங்கள் ஏறக்குறைய அப்படியே இருக்க, பேரலின் உட்புறம் மாறியதால் பெயரும் லீ-என்ஃபீல்டு ஆயிற்று.

அதோடும் முடியவில்லை. முதல் கார்டைட்டில் நைட்ரோகிளிசரின் 58 சதவீதம். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போர்க் காலத்தில் பேரல்கள் தேய்ந்த வேகத்தைக் கண்டு, அதை 30 சதவீதமாகக் குறைத்து, இன்னொரு சேர்மானமான வெடிபஞ்சை 65 சதவீதமாக உயர்த்தினார்கள். சுவாலையின் வெப்பம் தணிந்தது, பேரலின் ஆயுள் நீண்டது. மலை ரயிலில் குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போகிறவர்கள் அருவங்காடு நிலையத்தைக் கடப்பார்கள். 1903-இல் அங்கே நிறுவப்பட்ட தொழிற்சாலை இந்தக் கார்டைட்டின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது.

இனி, தேய்மானம் எங்கே நடக்கிறது என்று பார்ப்போம். குண்டு வெளியேறும் முனையைத்தான் பலரும் உற்றுப் பார்க்கிறார்கள். உண்மையில் தேய்வது, தோட்டா அமரும் அறைக்கு முன்னால் வரிகள் தொடங்கும் சில சென்டிமீட்டர் இடம். அதைத் தொண்டை என்போம். ஒவ்வொரு முறை சுடும்போதும் அந்த இடத்தின் மேற்பரப்பு நொடியின் சிறு பின்னத்தில் கொதித்துக் குளிர்கிறது. முதலில் மயிரிழை வெடிப்புகள் வலையாகப் படர்கின்றன. பிறகு எஃகு துகள் துகளாகப் பெயர்கிறது. வரிகளைத் தொடுவதற்குள் குண்டு கூடுதல் தூரம் தாவ வேண்டியிருப்பதால் சற்றே கோணலாக நுழைகிறது. குறி சிதறத் தொடங்குவது அப்போதுதான்.

ஆகவே பேரல் தேர்வு தோட்டாவிலிருந்து தொடங்குகிறது. சிறிய துளை வழியாக நிறைய மருந்தை எரித்தால் தொண்டை சீக்கிரம் போகும். குறி சுடுவோரின் அனுபவக் கணக்கில் .308 வின்செஸ்டர் என்ற தோட்டாவுக்கான பேரல் சுமார் 5,000 குண்டுகள் தாங்கும், 6.5 கிரீட்மோர் தோட்டாவுக்கானது 2,000 முதல் 3,000 வரை, 6.5-284 தோட்டாவுக்கானது ஏறத்தாழ 1,000. பின்னவை இரண்டின் குண்டுகளும் காற்றில் குறைவாக விலகுகின்றன என்பது உண்மை. நீண்ட தூரப் போட்டியில் அது பெரிய அனுகூலம். ஆனால் பயிற்சியில் இருக்கும் ஒருவர் ஆயிரம் குண்டுகளில் ஓய்ந்துபோகும் பேரலை வாங்கினால், அது தேய்ந்துவிடுமே என்று சுடுவதைக் குறைத்துக்கொள்வார். கை பழகுவது எப்படி? இந்த ஒரு காரணத்துக்காகவே முதல் பெரிய ரைஃபிளுக்கு .308 போதும் என்று அழுத்திச் சொல்வேன்.

அதற்கும் முன்னால் .22 என்ற சிறிய தோட்டா இருக்கிறது. ஒலிம்பிக் 50 மீட்டர் போட்டியில் சுடப்படுவது அதுதான். மென்மையான ஈயக் குண்டு, துளியளவு மருந்து. பல்லாயிரம் குண்டுகளுக்குப் பிறகும் பேரல் குறி தவறாது. அதைக் கெடுப்பது சுடுவதைவிட, அவசரத்தில் கோணலாக நுழைக்கப்படும் துப்புரவுக் கம்பிதான். நல்ல பேரல்கள் இப்படி வீணாவதைப் பார்க்கும்போது மனம் கொதிக்கிறது. வழிகாட்டிக் குழாய் ஒன்றைப் பொருத்தி, பின்பக்கமிருந்தே கம்பியைச் செலுத்துங்கள்.

எஃகைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உட்புறம் குரோமியம் பூசிய பேரல் வெப்பத்தையும் துருவையும் நன்றாகத் தாங்கும், போர்வீரனுக்கு ஏற்றது. பூச்சின் கனம் எங்கும் ஒரே சீராக அமைவது கடினம் என்பதால் குறி சுடுவோர் அதை நாடுவதில்லை. பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகையே தேர்கிறார்கள். கனமான பேரல் சூடேறத் தாமதமாகும், ஆனால் சூடேறிவிட்டால் ஆறவும் தாமதமாகும். பத்துக் குண்டுகளைத் தொடர்ந்து சுட்டுத் தள்ளுகிறவருக்கு எந்த எஃகும் உதவாது. இடைவெளி விட்டுச் சுடுங்கள்.

சுட்ட குண்டுகளின் எண்ணிக்கையை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். குறி சிதறினால் உடனே பேரலைக் கழற்றிவிடாதீர்கள். பேரலைத் தாங்கும் கட்டையின் திருகுகள், குறிபார்க்கும் கருவி, தோட்டாவின் தொகுதி எண் ஆகியவற்றை முதலில் சரிபாருங்கள். அவற்றில் குறையில்லை, நோட்டிலும் எண்ணிக்கை ஏறியிருக்கிறது என்றால், சிறு கேமராவை உள்ளே செலுத்தித் தொண்டையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வணக்கம்.