125 பீஸைப் பார்த்து 3,000 பீஸை எப்படி பாஸ் பண்றாங்க?

[திரையில்: பாக்கிங் ஹால், அடுக்கி வச்ச அட்டைப்பெட்டிகள்]

திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் யூனிட்னு வச்சுக்கோங்க. 3,000 டி-சர்ட், பெட்டிக்கு 50 வீதம் 60 பெட்டி. பைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றவர் எத்தனை பீஸைப் பார்க்கணும்?

"பத்து பர்சன்ட்"னு நிறைய பேர் சொல்வாங்க. அதுல ஒரு ஓட்டை இருக்கு. சரக்குல 4 சதவீதம் குறை, ஒரு குறை கிடைச்சாலும் ரிஜெக்ட்னு எடுத்துக்குவோம். 100 பீஸ் லாட்ல, அதாவது ஒண்ணா சேர்த்து சோதிக்கிற சரக்குல, 10 எடுத்தா, 100-க்கு 65 தடவை குறை கண்ணுல படாமலே போயிடும். 1,000 பீஸ் லாட்ல 100 எடுத்தா, 2 தடவைகூட தப்பாது. தரம் ஒண்ணுதான், சதவீதமும் ஒண்ணுதான். சாம்பிளோட எண்ணிக்கைதான் குறையைப் பிடிக்குது.

[திரையில்: ஐஎஸ்ஓ 2859-1 அட்டவணை]

அதனால சாம்பிள் எடுக்கிறதுக்கான சர்வதேச தர அட்டவணைக்குப் போவோம். லாட் 1,201 முதல் 3,200 வரை, வழக்கமான சோதனை அளவான பொது நிலை 2: சாம்பிள் அளவைக் குறிக்கிற எழுத்து 'கே', சாம்பிள் 125. ஏக்யூஎல்னா ஏத்துக்கக்கூடிய குறை சதவீதத்தோட வரம்பு. ஆடையில ஓட்டை மாதிரி மேஜர் குறைக்கு ஏக்யூஎல் 2.5, நூல் பிசிறு மாதிரி மைனருக்கு 4.0 வைக்கிறது வழக்கம். மேஜர் 7 வரை பாஸ், 8 ஆனா ரிஜெக்ட். மைனர் 10 வரை பாஸ், 11 ஆனா ரிஜெக்ட். துணிக்குள்ள உடைஞ்ச ஊசி முனை மாதிரி கிரிட்டிக்கல் குறைன்னா, ஒண்ணு இருந்தாலே ரிஜெக்ட். ஒரே பீஸ்ல ஓட்டையும் நூல் பிசிறும் இருந்தா, பெரிய குறையை மட்டும் எண்ணணும்.

[திரையில்: சில பெட்டிகள் மேல சிவப்புக் குறி]

எந்தப் பெட்டியைத் திறக்கிறது? 60-க்கு வர்க்கமூலம் எடுத்து, மேல ஏத்தி, 8 பெட்டிங்கிறது நடைமுறை. நம்பரை இன்ஸ்பெக்டர்தான் குலுக்கல் முறையில எடுக்கணும். "எடுத்து வச்சிருக்கோம் சார்"னு முன்னாடி நீட்டுற பெட்டி சாம்பிளே இல்ல! எல்லா சைஸும் கலரும் ஆர்டர் விகிதப்படி வரணும். அதுக்கு 8 பத்தலைன்னா இன்னும் பெட்டியைத் திறங்க. ரெண்டு யூனிட்ல தைச்சதை ஒரே லாட்டா கலக்காதீங்க. ஒரு யூனிட்டோட கோளாறு இன்னொண்ணோட நல்ல பீஸுக்குள்ள மறைஞ்சிடும்.

125-ல 2.5 சதவீதம் மூணுதானே, ஏன் 7 வரை விடுறாங்க? நிஜமாவே 2.5 சதவீதம் குறை உள்ள லாட்லயும், தற்செயலா 5, 6 மாட்டலாம். 7 வரை விட்டா அந்த லாட் 100-க்கு 98 தடவை பாஸ் ஆகும். ஆனா 5 சதவீதம் குறை உள்ள லாட்டும் சுமார் 70 தடவை பாஸ் ஆகிடும். அதுக்குத்தான் கடுமை விதி: தொடர்ந்து வர்ற 5 லாட்டுக்குள்ள 2 ரிஜெக்ட் ஆனா, அடுத்த லாட்ல இருந்து மேஜர் 5 வரைதான். ஒரே ஒரு ஆர்டர் கொடுத்துட்டுப் போற பையருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

[திரையில்: ரிஜெக்ட் முத்திரை]

ரிஜெக்ட் ஆன உடனே "இன்னொரு 125 எடுத்துப் பாருங்களேன்"னு கேட்பாங்க. ஒத்துக்காதீங்க. அந்த 5 சதவீத லாட் ரெண்டு வாய்ப்புல பாஸ் ஆகுறது 100-க்கு 90-ஐத் தாண்டிடும். 3,000 பீஸையும் பிரிச்சு, குறையைப் பொறுக்கி, சரி பண்ணி, திரும்ப பாக் பண்ணணும். அதுக்கப்புறம்தான் புது 125.