தோலைப் பற்றி ஒரு கேள்வி கூட இல்லை

வணக்கம் எல்லாருக்கும். இன்டர்வியூ என்ன ஆச்சு என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். வேலை கிடைக்கவில்லை. அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். நடந்த விதம்தான் மனதை விட்டுப் போகவில்லை.

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு பெரிய ஷூ கம்பெனி. பெயர் வேண்டாம். க்யூ.சி., அதாவது தரம் பார்க்கிற பிரிவுக்கு ஆள் எடுக்கிறோம், ஒன்பது மணிக்கு வாருங்கள் என்றார்கள். குடியாத்தத்தில் விடிகாலை பஸ் ஏறி, வேலூரில் மாறி, எட்டரைக்கே கேட்டில் நின்றேன். உள்ளே கூப்பிட்டபோது மணி இரண்டேகால்.

நான் ஐந்து வருஷமாகப் பேரணாம்பட்டில் தோல் பதப்படுத்துகிற ஒரு டேனரியின் லேபில் இருக்கிறேன். முதல் நாள் ராத்திரி முழுக்க குரோமியம் ஆறு பற்றித்தான் படித்தேன். நம் பக்கம் தோலைப் பெரும்பாலும் குரோம் உப்பில்தானே பதப்படுத்துகிறோம், அது குரோமியம் மூன்று. போடுகிற எண்ணெய் சரியில்லை என்றாலோ, தோல் சூட்டில் கிடந்தாலோ அதில் கொஞ்சம் ஆறாக மாறிவிடும். உடம்பில் பட்டால் அலர்ஜி வரலாம். ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொட்டாலே அந்தச் செருப்பை ஐரோப்பாவில் விற்க முடியாது. 2015 மே மாதத்திலிருந்து இதுதான் அங்கே சட்டம். ஷூ ஏற்றுமதி செய்கிற இடத்தில் இதைக் கேட்காமல் இருப்பார்களா என்று நினைத்தேன்.

கையில் இரண்டு தோல் துண்டுகளும் கொண்டு போனேன். ஒன்று முதுகுப் பக்கம், ஒன்று வயிற்றுப் பக்கம். மேல்புறம் உள்ளே வரும்படி மடித்தால், வயிற்றுத் தோலில் சுருக்கம் பெரிது பெரிதாக விழும். முதுகுத் தோலில் பொடியாகத்தான் விழும். வயிற்றுத் தோலை ஷூவின் முன்பக்கத்துக்கு ஏன் எடுக்கக்கூடாது என்று மடித்தே காட்டிவிடலாம்.

மொத்தம் ஐந்து நிமிஷம். இன்டர்வியூ எடுத்தவர் கேட்டது இதுதான்: "கல்யாணம் ஆயிடுச்சாம்மா? குழந்தை பிறந்தா வேலையை விட்டுடுவீங்களா? படிப்புல ஏன் ஒரு வருஷம் விட்டுப்போச்சு?" அப்பா வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் படுத்திருந்த வருஷம் அது. சொன்னேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். அப்புறம் சொல்கிறார், க்யூ.சி. இடம் போன வாரமே நிரம்பிவிட்டதாம், பேக்கிங்கில் சேருகிறாயா என்று. சம்பளம் நான் இப்போது வாங்குவதைவிடக் குறைவு.

போன வாரமே தெரிந்த விஷயம். ஒரு போன் போட்டுச் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு நாள் சம்பளம் போயிருக்காது. என்னோடு காத்திருந்த ஆம்பூர் பெண் கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். அவளுக்கும் இதே பதில்தான். வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் கூப்பிட்டு உட்கார வைத்த பிறகு, தெரிந்த தொழிலைப் பற்றி ஒரே ஒரு கேள்வியாவது கேட்டிருக்க வேண்டும். எனக்கு அதுதான் வலிக்கிறது.

நீங்கள் யாராவது இந்த மாதிரி போவதாக இருந்தால், கிளம்புகிற அன்று காலையிலேயே போன் போட்டு, இடம் இன்னும் காலியாக இருக்கிறதா, எந்தப் பிரிவு, என்ன சம்பளம் என்று கேட்டுவிட்டு பஸ் ஏறுங்கள். நான் கேட்கவில்லை.

துண்டுகள் இரண்டும் இன்னும் பையில்தான் இருக்கின்றன. இதோ, கேமரா பக்கத்தில் கொண்டு வருகிறேன், மடித்துக் காட்டுகிறேன் பாருங்கள்.