பறக்கிற கழுகை எண்ணுவது எப்படி?

[காட்சி: மலை உச்சி. சாம்பல் நிறப் பாறைகள். கம்பளிக் குல்லாய் போட்ட நாலைந்து பேர் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள்.]

இவர்கள் யாருக்காகவோ காத்திருப்பதுபோலத் தெரிகிறது, இல்லையா? காத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். வடக்கிலிருந்து தெற்கே வலசை போகிற கழுகுகளும் பருந்துகளும் இந்த வழியாக வரும். வந்தால் எண்ண வேண்டும். வராவிட்டால், வரவில்லை என்று எழுத வேண்டும். இரண்டாவது வேலைதான் கஷ்டம்.

இடம், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஹாக் மவுண்டன். கிட்டட்டினி என்ற நீண்ட மலைத்தொடரில் ஒரு முகடு. உயரம் ஒன்றும் பிரமாதமில்லை, சுமார் 1,500 அடிதான். பறவைகள் ஏன் இங்கே வருகின்றன?

[காட்சி: மலைச்சரிவின் வரைபடம். அம்புக்குறிகள் சரிவில் மோதி மேலே எழுகின்றன.]

வடமேற்குக் காற்று சரிவில் மோதினால் அதற்குப் போக வேறு வழியில்லை, மேலேதான் எழும்ப வேண்டும். அந்தக் காற்றின்மேல் ஏறிக்கொண்டால் சிறகடிக்காமலே பல மைல் தூரம் வழுக்கிக்கொண்டு போகலாம். நம் ஊர் பாஷையில் வித்தவுட் பயணம். அதனால்தான் குளிர்காற்று வீசிய மறுநாள் இந்தப் பாறையில் உட்கார இடம் கிடைக்காது.

செப்டம்பரில் கதை வேறு. அப்போது கூட்டமாக வருவது அகன்ற சிறகுப் பருந்து. வெயிலில் சூடாகி எழும் காற்றுத்தூணுக்குள் நூற்றுக்கணக்கில் நுழைந்து, சுற்றிச் சுற்றி மேலே ஏறும். இந்தச் சுழலுக்கு இங்கே ‘கெட்டில்’ என்று பேர்.

[காட்சி: வானில் சுழலும் புள்ளிகள்.]

எண்ணிப் பாருங்கள். முடியாது. அனுபவசாலிகளும் சுழலும்போது எண்ண மாட்டார்கள், காத்திருப்பார்கள். உச்சிக்குப் போனதும் பருந்துகள் சிறகை லேசாக மடக்கி, ஒன்றன்பின் ஒன்றாகத் தெற்குப் பார்த்துச் சறுக்கும். அந்த வரிசை பைனாகுலருக்குள் வரும்போதுதான் கிளிக்கரை அமுக்குவார்கள். ராமஜெயம் எண்ணுகிறவர்கள் கையில் வைத்திருப்பார்களே, அதே மாதிரி சின்னக் கருவிதான். கூட்டம் பெரிதாக இருந்தால் பத்துக்கு ஒரு தட்டு. 1978 செப்டம்பரில் ஒரே நாளில் 21,000-க்கு மேல் எண்ணியிருக்கிறார்கள். அன்றைக்குக் கட்டைவிரல் என்ன பாடுபட்டிருக்கும்!

இன்னொரு விஷயம். மேகமே இல்லாத நீலவானம் நமக்கு அழகு, எண்ணுகிறவருக்குத் தொல்லை. உயரத்தில் போகிற பறவை அந்த நீலத்தில் கரைந்துவிடும். பின்னணிக்கு ஒரு வெள்ளை மேகம் வந்தால் ஒரு நிம்மதி.

ஒருவர் கண்ணில் பட்டதை மற்றவருக்கு எப்படிச் சொல்வது? எதிரே தெரியும் மேடுகளுக்கு எண் வைத்திருக்கிறார்கள். “நாலாவது மேட்டுக்கு மேலே ஒன்று!” என்று குரல் வந்ததும் எல்லாப் பைனாகுலரும் அங்கே திரும்பும். அப்புறம் சண்டை ஆரம்பம். வைரி என்பது ஒரு வகைப் பருந்து. வந்தது சிறிய வைரியா, கூப்பர் வைரியா? இரண்டும் அச்சில் வார்த்தது போல இருக்கும். கூப்பர் வைரிக்குத் தலை சிறகைத் தாண்டி நன்றாக முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். சிறியதற்குத் தலை சிறகுக்குள் புதைந்த மாதிரி. புத்தகத்தில் பார்க்கும்போது சுலபம்தான், எதிர்க்காற்றில் இரண்டு நொடி பார்க்கும்போது அல்ல. தெரியாவிட்டால் ‘இனம் தெரியவில்லை’ என்று எழுதலாம். என்னைக் கேட்டால் அந்தப் படிவத்திலேயே மரியாதைக்குரிய கட்டம் அதுதான்.

[காட்சி: கழியின் உச்சியில் பிளாஸ்டிக் ஆந்தை.]

இது பொம்மை. ஆந்தையைக் கண்டால் வைரிகளுக்கு ஆகாது. விரட்டுவதற்காகக் கீழே பாயும், நமக்கும் கிட்டத்தில் பார்க்கக் கிடைக்கும்.

சரி, இந்த எண்ணிக்கை எப்படித் தொடங்கியது?

[காட்சி: கறுப்பு வெள்ளைப் படம். தரையில் வரிசையாக இறந்த பருந்துகள்.]

இதே பாறைக்கு ஒரு காலத்தில் துப்பாக்கியோடுதான் வந்தார்கள். கோழியையும் வேட்டைக்காரர்கள் குறிவைக்கும் பறவைகளையும் தின்கிறது என்று பருந்தின்மேல் கோபம். 1929-ல் பென்சில்வேனியா அரசே, கோஸ்ஹாக் என்ற பெரிய வைரியைச் சுட்டால் தலைக்கு 5 டாலர் என்று அறிவித்தது. தூரத்தில் பறப்பது கோஸ்ஹாக்தானா என்று யார் பார்த்துச் சுட்டார்கள்? எல்லாம் விழுந்தன. 1932-ல் ரிச்சர்ட் பவ் என்பவர் எடுத்த படங்கள் நியூயார்க்கில் ரோசலி எட்ஜ் என்ற பெண்மணியின் கண்ணில் பட்டன. 1934-ல் அவர் இந்த மலையில் 1,400 ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து, மாரிஸ் ப்ரூன், அவர் மனைவி இர்மா ஆகிய இருவரையும் காவலுக்கு வைத்தார். இர்மா வாசலில் நின்று வேட்டைக்காரர்களைத் திருப்பி அனுப்பினார். மாரிஸ் மேலே ஏறி எண்ண ஆரம்பித்தார். போருக்காக அவர் கடற்படைக்குப் போன 1943 முதல் 1945 வரை மட்டும் பதிவேட்டில் வெற்றிடம்.

இனிதான் முக்கியமான இடம். மாரிஸ் வெறும் தலையை எண்ணவில்லை, வயதையும் எழுதினார். வெண்தலைக் கழுகுக்குத் தலையும் வாலும் வெளுக்க ஏறக்குறைய ஐந்து வருஷம் ஆகும்; அதுவரை தலையும் வாலும்கூடப் பெரும்பாலும் கரும்பழுப்புதான். ஆகவே இளசு எது, முதிர்ந்தது எது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். 1935 முதல் 1939 வரை போன வெண்தலைக் கழுகுகளில் 100-க்கு 40 இளசுகள். 1955 முதல் 1959 வரை 100-க்கு 20. 1957-ல் மட்டும் பார்த்தால், 32 முதிர்ந்த கழுகுகளுக்கு ஒரே ஓர் இளசு.

கழுகு நீண்ட ஆயுள் உள்ளது. அதனால் வானத்தில் கழுகுகள் பறந்துகொண்டுதான் இருந்தன. கூட்டிலிருந்து புதிதாக வருவதுதான் நின்றுகொண்டிருந்தது. ரேச்சல் கார்சன் 1962-ல் வெளியிட்ட ‘மௌன வசந்தம்’ நூலில் பூச்சிமருந்துகளைப் பற்றி எழுதும்போது இந்தக் கணக்கைத்தான் எடுத்துக் காட்டினார். டி.டி.டி. என்ற பூச்சிமருந்து மீன் வழியாகக் கழுகுக்குப் போய் முட்டை ஓட்டை மெலிய வைக்கிறது என்பது அதற்குச் சில ஆண்டுகள் கழித்தே தெளிவானது. அமெரிக்கா அதை 1972-ல் தடை செய்தது. 2007-ல் வெண்தலைக் கழுகு, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

இன்றும் ஆகஸ்ட் 15 முதல் டிசம்பர் 15 வரை யாராவது ஒருவர் இந்தப் பாறையில் இருப்பார். தன்னார்வலர்கள், வெளிநாடுகளிலிருந்து பயிற்சி பெற வருபவர்கள், ஊழியர்கள். மணிக்கு ஒரு வரி: காற்றின் வேகம், திசை, மேகம், பறவை. மெக்சிகோவின் வெராக்ரூஸில் ஓர் இலையுதிர்காலத்தில் பல லட்சம் பறவைகள் கடக்கும். அங்கே ஒரு ஹோட்டல் மொட்டை மாடியிலிருந்தே எண்ணுவார்கள். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் இது சின்னக் கடை. ஆனால் இங்கே உள்ள பழைய கணக்கு அங்கே கிடையாது.

இப்போது அந்தக் கணக்கில் கவலை தருவது அமெரிக்கக் கெஸ்ட்ரல். மைனா அளவே உள்ள குட்டி வல்லூறு. வருஷத்துக்கு வருஷம் குறைகிறது. புல்வெளி சுருங்கியதா, பொந்துள்ள மரங்கள் போனதா, பூச்சிமருந்தா என்று பல சந்தேகங்கள் இருக்கின்றன. இதுதான் என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை.

[காட்சி: படிவம், மேலே ஒரு கூழாங்கல். கையுறை போட்ட கை பென்சிலை எடுக்கிறது.]

மணி மூன்றரை. காலையிலிருந்து கெஸ்ட்ரல் கட்டம் காலி. பக்கத்துப் பாறையில் இருந்தவர் எழுந்து நிற்கிறார்.

“இரண்டாவது மேடு, மரங்களுக்குக் கொஞ்சம் மேலே. சின்னது. ஒன்று!”