ஊர் கொதிக்கும்போது மேயர் கையில் என்ன இருக்கிறது?

[காட்சி: ஓசூர், ஜுஜுவாடி எல்லை]

வணக்கம். 2016 செப்டம்பர் 12. காவிரித் தண்ணீருக்காக பெங்களூரில் தமிழ்நாட்டு வண்டிகள் எரிந்த நாள். ஒரே டிப்போவில் மட்டும் நாற்பது பஸ்ஸுக்கு மேல் சாம்பலானது. இங்கே எல்லையில் பஸ் ஓடவில்லை. கர்நாடக எல்லைக்குள் அத்திப்பள்ளி பக்கம் இறங்கியவர்கள் கைக்குழந்தையும் மூட்டையுமாக நடந்தே ஜுஜுவாடிக்கு வந்து சேர்ந்தார்கள்.

அதற்கு முன்பு இரண்டு வீடியோக்கள் வந்திருந்தன. பெங்களூரில் ஒரு தமிழ் இளைஞரை அடிக்கிறார்கள். ராமேசுவரத்தில் ஒரு கர்நாடக டிரைவரை அடிக்கிறார்கள். இரண்டுமே நடந்தவைதான். ஆனால் டிவியில் அதையே திரும்பத் திரும்பப் போட்டால், பார்ப்பவருக்கு ஊரெங்கும் அடி விழுவது போலத்தான் தெரியும்.

[காட்சி: ஓசூர் மாநகராட்சி அலுவலகம்]

அப்போது ஓசூர் நகராட்சி. 2019இல்தான் மாநகராட்சி ஆனது. சரி, இப்போது மேயர் இருக்கிறார். அப்படி ஒரு நாள் மறுபடி வந்தால்?

போலீஸ் அவர் சொல் கேட்காது, அது எஸ்.பி.யின் பொறுப்பு. நாம் இன்னும் '144' என்றே சொல்லும் தடை உத்தரவு, 2024 ஜூலை முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 163ஆவது பிரிவில் இருக்கிறது. அதைப் போடுவதும் கலெக்டர், சப் கலெக்டர் போன்றவர்கள்தான். மேயருக்கு மிஞ்சுவது அவருடைய வாய்ச்சொல்.

பத்திரிகைகள் அவரையே குறிவைத்து எழுதினால்? நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இல்லை, இருக்கவும் கூடாது. ஆசிரியருக்கு மறுப்பு அனுப்பலாம். அதற்கும் மசியவில்லை என்றால் இந்திய பத்திரிகை கவுன்சில். நாளிதழ் செய்தி என்றால் இரண்டு மாதத்துக்குள் புகார் தர வேண்டும். கவுன்சில் கண்டிக்கும், அபராதம் போடாது. டிவி அதன் வரம்பிலேயே இல்லை. ஊர் பற்றி எரிய ஒரு சாயங்காலம் போதும். இதெல்லாம் மாதக்கணக்கில் இழுக்கும்.

[காட்சி: சிப்காட், ஷிப்ட் முடிந்து வரும் தொழிலாளர்கள்]

2023 மார்ச் நினைவிருக்கிறதா? வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. வெளிமாநிலப் பத்திரிகையிலும் செய்தியாக வந்தது. தமிழகப் போலீஸ் உடனே மறுத்தது, வழக்குப் போட்டது. பீகார் அதிகாரிகள் குழு நேரில் வந்து தொழிலாளர்களிடமே பேசியது. பயம் தணிந்தது அப்படித்தான்.

அதனால் மேயர் மைக்கைப் பிடித்து, "பத்திரிகைக்காரன் பொய் சொல்கிறான், நம்பாதீர்கள்" என்று மட்டும் பேசினால் வீண். அமைதி காக்கும்படி கேட்கிறவர், எதை நம்பி அமைதியாக இருப்பது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எந்தத் தெருவில் என்ன நடந்தது, அடிபட்டவர் எப்படி இருக்கிறார், பஸ் எதுவரை போகிறது, யாருக்குப் போன் செய்வது. தமிழோடு தெலுங்கு, கன்னடம், உருதுவிலும் சொல்ல வேண்டும், இது ஓசூர். சிப்காட்டுக்கு இந்தியிலும். பக்கத்தில் எதிர்க்கட்சிக் கவுன்சிலர்களும் நிற்கட்டும்.

அப்புறம், தன்னைத் திட்டி எழுதிய நிருபரையும் அங்கே கூப்பிட வேண்டும். அவர் கேட்கும் கேள்விக்கு அங்கேயே பதில் சொல்லிவிட்டு, அடுத்து எத்தனை மணிக்குப் பேசுவோம் என்பதையும் அறிவித்துவிட்டு எழுந்திருக்க வேண்டும்.