கையில் ஒட்டும் கார் பேனல்: கழற்றி, சுரண்டி, கறுப்படித்தேன் | கடலூர்

வணக்கம். கேமராவைக் கொஞ்சம் கிட்டே கொண்டு போகிறேன், பாருங்கள். டிரைவர் பக்கக் கதவில் பவர் விண்டோ சுவிட்ச் இருக்கிற பேனல். விரல் வைத்தால் ஒட்டுகிறது. நகம் பட்ட இடமெல்லாம் உரிந்து, அடியில் இருக்கிற சாம்பல் நிறம் தெரிகிறது. அப்பா ஓட்டிய 2012 மாடல் வண்டி. எஞ்சினில் இன்றைக்கும் ஒரு குறை கிடையாது. உள்ளே ஏறி உட்கார்ந்தால்தான் மனசு கெட்டுப்போகும்.

எங்கள் வீடு தேவனாம்பட்டினத்தில். சில்வர் பீச்சுக்கு நடந்தே போய்விடலாம். இங்கே கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் துருவுக்குத்தான் பயப்படுவார்கள். ஈரக்காற்று உள்ளே இருக்கிற பேனலையும் சும்மா விடுவதில்லை. தொட்டால் மெத்தென்று இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் மேல் ஒரு பாலியூரித்தேன் பூச்சு கொடுத்திருப்பார்கள். ஈரமும் சூடும் சேர்ந்து வருடக்கணக்கில் அதைச் சிதைத்துக்கொண்டே வரும். கடைசியில் பூச்சு கூழாகிவிடும். கையில் ஒட்டுவது அந்தக் கூழ்தான். அடியில் பிளாஸ்டிக் கல்லு மாதிரி நன்றாக இருக்கும். அதனால் புதுப் பேனல் வாங்க அவசரப்படாதீர்கள்.

இதன் மேல் டேஷ்போர்டு பாலிஷும் தடவாதீர்கள். நிறைய பாலிஷில் சிலிகோன் இருக்கும். பின்னால் பெயின்ட் அடிக்கும்போது அந்த இடத்தில் பெயின்ட் நிற்காமல் குழி குழியாக விலகிப் போகும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஸ்டீயரிங் நடுவில், டேஷ்போர்டின் இடது பக்கம், சில வண்டிகளில் கூரையைத் தாங்குகிற தூண் மேலும் 'எஸ்ஆர்எஸ் ஏர்பேக்' என்று எழுதியிருக்கும். அந்த மூடிகளைச் சுரண்டவோ பெயின்ட் அடிக்கவோ கூடாது. மோதும்போது அந்த மூடி குறிப்பிட்ட கோட்டில் கிழிந்து திறக்க வேண்டும். நம் பெயின்ட் அந்தக் கோட்டை அடைத்துவிடலாம், சில்லாகப் பெயர்ந்து முகத்திலும் அடிக்கலாம். அது நமக்கு வேண்டாத வேலை.

சரி, வேலைக்கு வருவோம். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டேன். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் ஓரம் கடிபடும், அதனால் பிளாஸ்டிக் நெம்புகோல் போட்டு எடுத்தேன். ஒரு கிளிப் உடைந்தது, அதற்கு மாற்று கிடைக்கும். பேனலைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். என்ன பிளாஸ்டிக் என்று அச்சிலேயே குத்தியிருப்பார்கள். இதில் ஏபிஎஸ் என்று இருக்கிறது. இது பெயின்டை நன்றாகப் பிடிக்கும், ஆனால் தின்னரோ அசிட்டோனோ பட்டால் உருகிவிடும். பிபி என்று இருந்தால் பாலிபுரோப்பிலீன். அதற்கு பிளாஸ்டிக் பிரைமர் என்கிற அடிப்பூச்சை முதலில் அடித்தே ஆக வேண்டும். இல்லையென்றால் எந்தப் பெயின்டும் தோல் மாதிரி உரிந்து வரும்.

கூழை எடுக்க ஐசோப்ரொபைல் ஆல்கஹால் போதும். மொபைல் சர்வீஸ் சாமான் விற்கிற கடைகளில் கேளுங்கள். துணியை நனைத்து இரண்டு நிமிடம் மேலே போர்த்தி வைத்து, அப்புறம் துடையுங்கள். முதல் துணி தார் துடைத்த மாதிரி ஆகிவிடும். எனக்கு ஆறு துணி ஆயிற்று, ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மூலை முடுக்குக்குப் பழைய டூத் பிரஷ். இந்த வேலையில் பொறுமை வேண்டியது இங்கேதான். அப்புறம் பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணீரில் ஒரு கழுவு. காய்ந்ததும் 400 நம்பர் உப்புத்தாள், பிறகு 800 நம்பர் வாட்டர் பேப்பர். பளபளப்பு போய் ஒரே சீராக மங்கினால் போதும். அழுத்தித் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் கீறல் தங்கிவிடும், எந்தப் பெயின்டாலும் மறையாது.

இப்போது என் போன முறை அனுபவம். கார்த்திகை மாதம், மழை விட்ட ஒரு சாயங்காலம், வேறொரு பேனலை ஷெட்டுக்குள் வைத்து அடித்தேன். கறுப்புப் பெயின்ட் மேல் சாம்பல் தூவின மாதிரி வெள்ளை படர்ந்துவிட்டது. ஸ்ப்ரேயில் இருக்கிற கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துவிடும். காற்றில் ஈரம் அதிகம் இருந்தால் அது பெயின்ட் மேல் படிந்துகொள்ளும். எல்லாவற்றையும் சுரண்டி மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

இந்த முறை மாசி மாதத்துக்குக் காத்திருந்தேன். காலை பத்து மணி, கடல்காற்று எழும்புவதற்கு முன்னால். மாஸ்க் போட்டுக்கொண்டு, வெளியில் நிழலில். கேனை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மெல்லிய பூச்சாக மூன்று முறை அடித்தேன். நடுவில் பத்துப் பதினைந்து நிமிடம் இடைவெளி. முதல் பூச்சில் பிளாஸ்டிக் தெரியத்தான் செய்யும். உடனே மறைக்க நினைத்தால் வழிந்துவிடும். கறுப்பில் மேட் எடுங்கள், பளபளப்பு வேண்டாம். வெயிலில் கண்ணாடியில் பட்டுக் கண்ணைக் கூசும்.

அரை மணியில் தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், ஏமாறாதீர்கள். ஒரு நாள் விட்டுத்தான் மாட்டினேன். முழுசாக இறுக ஒரு வாரம் ஆகும். அதுவரை நகம், மோதிரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதோ, மாட்டியாயிற்று. கண்ணாடி ஏறுகிறது, இறங்குகிறது. அப்பா வந்து பேனலை விரலால் தடவிப் பார்த்தார். "மத்த மூணு கதவு எப்போடா?" என்று கேட்டார். மழை இல்லையென்றால் நாளைக் காலை இடதுபக்கக் கதவைக் கழற்றுகிறேன்.