பாஸ்டரின் அந்த ஒரு குடுவை

(ஒரு நூலக வாசகர் வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து வந்தால் தென்றல், கிழக்கு என்றால் கொண்டல், மேற்கு என்றால் கோடை. நம் ஆட்கள் காற்றுக்குப் பெயர் வைத்த விதத்தைக் கவனித்தீர்களா? ‘எங்கே போகிறாய்’ என்று கேட்கவில்லை. ‘எந்த ஊரிலிருந்து வருகிறாய்’ என்றுதான் கேட்டிருக்கிறார்கள். இன்றைக்கு என் பேச்சும் அந்தக் கேள்விதான். ஆனால் காற்றிடம் கேட்கப்போவதில்லை, பனியிடம் கேட்கப்போகிறேன். மார்கழியில் புல்நுனியில் நிற்கிறதே, அந்தப் பனி இல்லை. மலை உச்சியில் ஆள் உயரத்துக்குக் கொட்டிக் கிடக்கும் வெண்பனி.

1860 செப்டம்பர். ஆல்ப்ஸ் மலையில் ஒரு கோவேறு கழுதை ஏறிக்கொண்டிருக்கிறது. அதன் முதுகில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் 33 கண்ணாடிக் குடுவைகள். பக்கத்தில் லூயி பாஸ்டர். குடுவைகளில் கொதிக்கவைத்த ஈஸ்ட் சாறு, கழுத்தை நெருப்பில் உருக்கி மூடியிருக்கிறார். சாறு தானாகக் கெடுகிறதா, காற்றில் மிதந்து வரும் நுண்ணுயிர் கெடுக்கிறதா என்று அப்போது பெரிய சண்டை. காற்றுத்தான் கொண்டுவருகிறது என்றால், மேலே போகப்போக அது குறைய வேண்டும் அல்லவா? மேலே போய்க் குடுவையைத் திறந்து, காற்றை உள்ளே விட்டு, மறுபடி மூடிப் பார்க்கத்தான் அந்தப் பயணம்.

முதல் நாள் காரியம் கெட்டது. பனிப்பாறையில் பட்ட வெயில் கண்ணைக் கூசவைத்ததில், குடுவையை மூடவேண்டிய விளக்கின் சுடரே அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரிந்த கொஞ்ச நேரமும் காற்று அதை ஆட்டிக்கொண்டிருந்தது. திறந்த 13 குடுவைகளையும் அப்படியே விடுதிக்குத் தூக்கி வந்தார். இரவு முழுக்க அறையின் தூசியில் வாய் திறந்து கிடந்தன. பெரும்பாலானவை கெட்டுப்போயின. அடுத்த முறை விளக்கைச் சரிசெய்துகொண்டு போனார். குடுவையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, நெருப்பில் காட்டிய நீண்ட இடுக்கியால் அதன் கழுத்தை முறித்தார். தன் சட்டையிலிருந்து ஒரு தூசி விழுந்தாலும் கதை முடிந்தது என்பது அவருக்குத் தெரியும்.

கணக்கு இதுதான். சமவெளியில் திறந்த 20 குடுவையில் 8 கெட்டன. ஜூரா மலையில் 850 மீட்டர் உயரத்தில் 20-க்கு 5. மோன்டான்வெர் பனிப்பாறை ஓரம், 2,000 மீட்டரில், 20-க்கு ஒன்றே ஒன்று. பாடப்புத்தகமெல்லாம் அந்தப் பத்தொன்பதைத்தான் கொண்டாடும். எனக்குக் கண் அந்த ஒன்றின் மேல். சுற்றிலும் பனி, வயலும் இல்லை, தொழுவமும் இல்லை. அங்கே அதைக் கெடுத்த நுண்ணுயிர் எப்படி வந்தது?

பாஸ்டரால் அதன் ஊரைக் கேட்க முடியவில்லை. இப்போது கேட்க முடிகிறது.

2014 பிப்ரவரியில் சஹாராவில் எழுந்த புழுதி மத்தியதரைக் கடலைத் தாண்டி ஆல்ப்ஸ் மேல் இறங்கியது. சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராவ்யோக் பக்கம் 3,000 மீட்டருக்கு மேலே வெள்ளைப் பனி பழுப்பானது. பிறகு அதன் மேல் புதுப்பனி விழுந்து மூடிவிட்டது. ஜூன் மாதம் ஆராய்ச்சியாளர்கள் அங்கே போய்க் குழி வெட்டினார்கள். குழியின் சுவரில் கேக்கை வெட்டியதுபோல மேலும் கீழும் வெள்ளை, நடுவில் ஒரு பழுப்புக் கோடு. அந்தக் கோடுதான் பிப்ரவரி.

அதிலிருந்து மாதிரி எடுப்பது லேசான வேலை இல்லை. உருகிய பனி ஒரு மில்லிலிட்டரில் இருக்கும் பாக்டீரியா மிகக் குறைவு. நம் கைவிரலில் அதைவிடப் பெரிய கூட்டம் குடியிருக்கிறது. கையுறை போட்டு, கிருமி நீக்கிய கருவியால், குழி தோண்டும்போது மண்வெட்டி பட்ட மேற்பரப்பைச் சீவி எறிந்துவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் எடுக்க வேண்டும். பாஸ்டர் தலைக்கு மேல் குடுவையைத் தூக்கியதும் இதே பயத்தில்தான்.

பழுப்புக் கோட்டில் சுத்தமான பனியில் இருந்ததைவிட மிக அதிக பாக்டீரியா இருந்தது. மரபணுவைப் படித்தபோது, வறண்ட மண்ணில் வசதியாக வாழும் ஜெம்மாட்டிமோனடீட்ஸ் என்ற பாக்டீரியாக் கூட்டம் அதில் தாராளமாக இருந்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் பாலைவனத்து ஆட்கள், ஐரோப்பியப் பனிக்குள்!

வழியில் அவை எப்படிச் சாகாமல் இருந்தன? குளிர்தான் எதிரி என்று நினைப்போம். குளிர் பாதி நண்பன். உயிரை நிறுத்திவைக்கும், அவ்வளவுதான். கொல்வது வெயிலின் புற ஊதாக் கதிரும் வறட்சியும். தப்பிப்பவை மூன்று விதம். சில கெட்டியான வித்தாக மாறிச் சுருண்டுகொள்ளும். சில மஞ்சள், ஆரஞ்சு நிறமிகளைப் போர்த்திக்கொள்ளும். கேரட்டுக்கு நிறம் தரும் அதே குடும்பத்துப் பொருள். சில புழுதித் துகளின் விரிசலுக்குள் ஒதுங்கிவிடும். பாக்டீரியாவின் நீளம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்கு ஒரு புழுதித் துகளே கூரை போட்ட வண்டி. பாலைவனத்தில் பிழைத்தது ஏற்கெனவே வெயிலுக்கும் வறட்சிக்கும் பழகியதுதானே. பயணத்துக்கென்று அது புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை.

இது எப்போதோ நடக்கும் அதிசயமும் இல்லை. ஸ்பெயினின் சியரா நெவாடா மலையில், கீழ்க்காற்றின் அடுக்குக்கு மேலே தட்டு வைத்து எண்ணினார்கள். 2018-இல் வெளிவந்த கணக்கு: ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்கு 30 லட்சம் முதல் 8 கோடி பாக்டீரியா வரை இறங்குகிறது. வைரஸ் தனி, அது இன்னும் அதிகம்.

ஏறினவை எப்படி இறங்குகின்றன என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. சுத்தமான நீர்த்துளி பூஜ்யம் டிகிரியில் உறைந்துவிடாது. பிடித்துக்கொள்ளத் துகள் எதுவும் இல்லையென்றால் மைனஸ் 38 வரைகூட நீராகவே இருக்கும். ஆனால் பயிர் இலைகளில் வாழும் சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியாவின் மேல்தோலில் ஒரு புரதம் உண்டு. நீர் மூலக்கூறுகளைப் பனிக்கட்டியின் வரிசையில் உட்காரவைத்துவிடும். மைனஸ் 2 டிகிரியிலேயே துளி உறையும். பனிச்சறுக்குத் திடல்களில் செயற்கைப் பனி தூவ, இதைக் கொன்று பொடியாக்கி விற்கிறார்கள். அமெரிக்காவின் மான்டானாவில் டேவிட் சாண்ட்ஸ் என்ற தாவர நோய் ஆய்வாளர், இது மேகத்துக்கு ஏறி மழையையோ பனியையோ வரவழைத்துத் திரும்ப வயலில் இறங்குகிறது என்று 1982-இலேயே சொன்னார். 2008-இல் அன்டார்க்டிகா உட்படப் பல இடங்களின் புதுப்பனியை ஆராய்ந்தபோது, இப்படி உறையவைக்கும் உயிர்த்துகள்கள் எங்கும் கிடைத்தன. அதற்காக மழையே பாக்டீரியாவால்தான் என்று நான் சொல்லமாட்டேன். மேகத்தில் தாதுப்புழுதிக்கும் பெரிய பங்கு உண்டு. ஆனால் பயணியே பிரேக் போட்டு இறங்குகிற பேருந்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஜப்பானில் ஒரு சுவாரஸ்யம். கோபி பாலைவனப் புழுதி வசந்தத்தில் அங்கே வருகிறது, ‘கோசா’ என்பார்கள். நோட்டோ தீபகற்பத்துக்கு மேலே 3,000 மீட்டர் உயரத்துக் காற்றில் கானசாவா பல்கலைக்கழகத்தார் பிடித்த பாக்டீரியாவில் ஒன்று, சோயாவைப் புளிக்கவைத்து நாட்டோ செய்யும் இனம். விட்டார்களா? அதை வைத்தே நாட்டோ செய்து ‘சோரா நாட்டோ’, அதாவது வான நாட்டோ, என்று விற்பனைக்கே கொண்டுவந்தார்கள். நமக்கு ஒரு வான இட்லி இன்னும் வரவில்லை.

அதே நாட்டின் தாதெயாமா மலைப் பனியில் மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை தொடர்ந்து பார்த்தார்கள். பனி உருக உருக, குளிர் விரும்பும் சில பாக்டீரியாக்கள் அங்கேயே பெருகின. வந்தவை எல்லாம் வெறுமனே உறைந்து கிடப்பதில்லை என்று அதிலிருந்து தெரிகிறது.

பேச்சு முடிந்ததும் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “அப்படின்னா பனியை அள்ளிச் சாப்பிடக் கூடாதா சார்?”

தென்துருவப் பனியை உருக்கி எண்ணியபோது ஒரு மில்லிலிட்டரில் 200 முதல் 5,000 வரை பாக்டீரியா இருந்தது, அம்மா. நீ மத்தியானம் தயிர்சாதம்தானே கொண்டுவந்தாய்? அதில் ஒரு கரண்டி தயிரிலேயே கோடிக்கணக்கில் இருக்கும்.